பிரியாணி டிக்கெட் பணத்தில் சம்பளம் கொடுக்கலாமா?

ஆகஸ்ட் 11, 2025 – கேள்வி, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி

குடும்ப நலச் சங்கத்துக்கு என்று சொல்லி ஒரு அக்கா பிரியாணி டிக்கெட் விற்க வந்தார். பத்து வாங்கினேன். அப்புறம்தான் கேள்விப்பட்டேன், வருகிற பணத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் போகிறதாம். இதற்கு நானே ஒரு அரிசி மூட்டை வாங்கி நேராக ஒரு ஏழை வீட்டில் இறக்கிவிடலாமே? நடுவில் சங்கம் எதற்கு?

ஆகஸ்ட் 12

தம்பி, உங்கள் வீட்டுக்கு வந்தது நானில்லை, நான் டர்பனின் இன்னொரு பக்கம், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். ஆனால் இங்கே இதே மாதிரி ஒரு சங்கத்துக்குப் பதினொரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அதனால் பதில் சொல்ல எனக்குக் கடமை உண்டு. ஆமாம், பெரும்பகுதி சம்பளத்துக்குத்தான் போகிறது. அங்கேதான் போக வேண்டும் என்பது என் கட்சி.

அரிசி கொடுங்கள், நல்ல காரியம். பத்து கிலோ மூட்டை ஒரு சின்னக் குடும்பத்துக்குச் சில வாரம் வரும். ஆனால் அந்த வீட்டில் தினமும் குடித்துவிட்டு ஒருவர் பெண்டாட்டியை அடிக்கிறார் என்றால்? பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கிராண்ட் (அரசாங்க உதவித்தொகை) வராமல் கிடந்தால்? மகள் சுகர்ஸ் பழகி, கைப்பிள்ளையை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், போட்டுவிட்டுப் போய்விட்டால்? (வெளியூர்க்காரர்களுக்கு: சுகர்ஸ் என்பது ஹெராயின் கலந்த மலிவான தூள். இருபது வருடமாக எங்கள் தெருக்களில் பிள்ளைகளைத் தின்றுகொண்டிருக்கிறது.) இதற்கெல்லாம் ஒரு ஆள் வேண்டும். படித்த ஆள், பதிவு பெற்ற சோஷியல் ஒர்க்கர். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நிற்கிற ஆள். அவருக்கும் வீட்டு வாடகை உண்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உண்டு.

ஆகஸ்ட் 12, இரவு

சொல்ல மறந்தது. பணம் கொடுக்கிற இடத்தில் 18ஏ ரசீது (வரிச் சலுகைக்கான நன்கொடை ரசீது) கேட்டு வாங்குங்கள். வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பிரியாணி டிக்கெட்டுக்கும் கேளுங்கள்.

ஆகஸ்ட் 14

மேலே கடைசி வரியில் தப்பு செய்திருக்கிறேன். லெனேசியாவிலிருந்து ஒரு அண்ணன் எழுதித் திருத்தினார், அவருக்கு நன்றி. டிக்கெட்டுக்கு 18ஏ ரசீது கிடையாது. பணம் கொடுத்துப் பதிலுக்குப் பிரியாணி வாங்கிக்கொண்டீர்கள், அது நன்கொடை ஆகாது. குலுக்கல் சீட்டும் அப்படித்தான். எதையும் திரும்ப எதிர்பார்க்காமல் கொடுத்தால்தான் ரசீது. அதுவும் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரைதான் கழிவு, மீதி அடுத்த வருடத்துக்குப் போகும். 2023 மார்ச்சிலிருந்து ரசீதில் கொடுப்பவரின் அடையாள எண், வரி எண் எல்லாம் இருக்க வேண்டும். அதனால் நான் உங்கள் எண்ணைக் கேட்டால் சந்தேகப்படாதீர்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம். கோவிலுக்குக் கொடுக்கிற பணத்துக்கு இந்தக் கழிவு இல்லை. வழிபாடு அந்தப் பட்டியலில் வராது. பிள்ளைகளைக் காப்பது, முதியோரைப் பார்ப்பது, ஏழைகளுக்கு உதவுவது வரும். ஆனாலும் எங்கள் ஊரில் கோபுரத்துக்கு வண்ணம் பூச ஒரே மாதத்தில் பணம் சேருகிறது. சோஷியல் ஒர்க்கரின் காருக்கு நாலு டயர் வாங்க எனக்கு ஒரு வருடம் ஆனது. கோவிலைக் குறை சொல்லவில்லை. தைப்பூசத்துக்கு என் பேரன் காவடி எடுக்கிறான், நானும் கூட நடக்கிறேன். இரண்டுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 19

"அப்படியானால் அரசாங்கம் என்ன கொடுக்கிறது?" என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா கேட்டிருக்கிறார். சரியான கேள்வி.

பிள்ளைகள் சட்டம் என்று 2005-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, எண் 38. ஆபத்தில் இருக்கிற பிள்ளையை விசாரிப்பது, நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது, வளர்ப்பு வீடு தேடுவது எல்லாம் அதன்படி அரசாங்கத்தின் கடமை. அந்த வேலையில் பெரிய பங்கை எங்களைப் போன்ற சங்கங்கள் செய்கின்றன. அதற்காக ஒவ்வொரு சோஷியல் ஒர்க்கர் இடத்துக்கும் ஒரு மானியம் வருகிறது. அது முழுச் சம்பளத்துக்குப் போதாது. அரசாங்க அலுவலகத்தில் அதே வேலைக்கு அதிகச் சம்பளம். ஒரு பெண் எங்களிடம் சேர்ந்து இரண்டு வருடத்தில் வேலை பழகி, குடும்பங்களின் நம்பிக்கையைச் சம்பாதித்து, அப்புறம் அங்கே போய்விடுவாள். நான் பார்க்க மூன்று பேர் போனார்கள், ஒருத்தி இங்கிலாந்துக்கே. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கடைசி நாளில் ஒருத்தி தன் கோப்புகளை என் மேசையில் அடுக்கிவிட்டு, "இந்த ஆறு வீட்டையும் யாராவது இந்த வாரமே போய்ப் பாருங்கள் ஆன்ட்டி" என்று சொல்லி அழுதாள்.

இது எங்கள் ஊர் வழக்கு மட்டும் இல்லை. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் நலச் சங்கங்கள் சேர்ந்து நீதிமன்றம் போயின. வழக்குப் போட்ட அமைப்பின் பெயரால் நவோங்கோ வழக்கு என்று சொல்வார்கள். 2010-இல் ப்ளூம்ஃபொன்டைனில் தீர்ப்பு. சங்கங்கள் செய்வது அரசு செய்ய வேண்டிய வேலை, அதற்கு எவ்வளவு கொடுப்பது என்று நியாயமான கணக்கு முறை வேண்டும், கொள்கையைத் திருத்தி எழுது என்று நீதிமன்றம் சொன்னது. திருத்தி, மறுபடி திருத்தி, 2014 வரை இழுத்தது.

மானியம் போக, லாட்டரி நிதிக்கு விண்ணப்பம் போடுவோம். கம்பெனிகள் லாபத்தில் ஒரு சதவீதம் சமூகத்துக்குக் கொடுத்தால் அவர்களுடைய பி-பிபிஇஇ அட்டையில் (கறுப்பின மக்களின் பொருளாதார முன்னேற்றத்துக்குக் கம்பெனி என்ன செய்கிறது என்று அளக்கும் மதிப்பெண் அட்டை) புள்ளி கிடைக்கும், அவர்களிடமும் போய் நிற்போம். ஆனால் கம்பெனிக்குப் படம் எடுக்கிற மாதிரி ஏதாவது வேண்டும். போர்வை, சைக்கிள், சாண்ட்பிட். "மூன்று மாதச் சம்பளம்" என்று ஒரு பெரிய காசோலை அட்டை பிடித்து யாரும் படம் எடுத்து நான் பார்த்ததில்லை. மீதி ஓட்டைகளை அடைப்பது பிரியாணி.

ஆகஸ்ட் 20

ஒரு வருடம் ஏப்ரலில் வர வேண்டிய மானியப் பணம் ஜூலையில்தான் வந்தது. மூன்று மாதமும் சம்பளம் கொடுத்தோம். கமிட்டியில் ஒரு மாமா தன் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்தார். எழுத்து இல்லை, வட்டி இல்லை. திரும்பக் கொடுத்தபோது எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 30

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "அக்கா, ஒரு சோஷியல் ஒர்க்கர் ஒரு நாளில் என்னதான் செய்கிறார், ஒரு உதாரணம் சொல்லுங்கள்." சொல்கிறேன். ஊரும் ஆளும் அடையாளம் தெரியாமல் மாற்றியிருக்கிறேன்.

ஒரு ஆயா. எழுபது தாண்டியவர். மகள் போய் நாலு வருடம், எங்கே என்று தெரியாது. இரண்டு பேரப் பிள்ளைகள். ஒரு செவ்வாய்க்கிழமை, கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வளர்ப்புப் பிள்ளைக்கான கிராண்ட் நின்றுவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு அலுவலகத்தில் மூன்று தடவை வரிசையில் நின்றிருக்கிறார். மூன்றாவது தடவை, ஜன்னலை மூடுகிற நேரத்தில், "பேப்பர் சரியில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் பெண் அந்தப் பையை வாங்கி மேசையில் கொட்டினாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு காகிதமாக எடுத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, தேதி வாரியாக அடுக்கினாள். மருத்துவமனைச் சீட்டு, பள்ளிக்கூட ரிப்போர்ட், 2019-ஆம் வருடத்து மின்சார பில், தடுப்பூசி அட்டை. நடுவில் ஒரு பழைய தீபாவளி வாழ்த்து அட்டை. மகள் எழுதியது. அதை மட்டும் ஆயா கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டார். அடியில் இருந்தது நீதிமன்ற உத்தரவு. அதில் காலக்கெடு முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

விஷயம் இதுதான். வளர்ப்பு உத்தரவு பொதுவாக இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். முடிவதற்குள் சோஷியல் ஒர்க்கர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, அறிக்கை எழுதி, நீட்டிப்பு வாங்க வேண்டும். அந்த நேரத்தில் எங்களிடம் அந்த இடம் காலி. பழைய பெண் போய்விட்டாள், புதுப் பெண் இன்னும் வரவில்லை. அந்த ஆறு கோப்பில் ஒன்று இது. கோப்புகள் என் மேசையில்தான் இருந்தன. ஐந்து வீட்டுக்கு ஆள் அனுப்பினோம். இதற்கு அனுப்பவில்லை.

வளர்ப்புப் பிள்ளை கிராண்ட் 2025-இல் மாதம் 1,250 ராண்ட். சாதாரணப் பிள்ளை கிராண்ட் 560. வளர்ப்பு கிராண்ட் நின்றதில் இரண்டு பிள்ளைக்கு மாதம் 2,500. எங்கள் சம்பளப் பட்டியலில் ஒரு இடம் காலியாக இருந்ததால் ஒரு வீட்டில் மாதம் 2,500 ராண்ட் போனது. தம்பி, அது எத்தனை அரிசி மூட்டை என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

செப்டம்பர் 3

அந்த ஆயாவைப் பற்றி இன்னொன்று. "ஃபாஸ்டர் பேரன்ட்" (வளர்ப்புப் பெற்றோர்) என்று படிவத்தில் அவர் பெயருக்கு எதிரே இருப்பதை நான் படித்துச் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "என் மக பெத்த பிள்ளைக்கு நான் என்ன ஃபாஸ்டர்? நான் ஆயா. ஆயான்னு எழுது" என்றார். கட்டத்துக்குப் பக்கத்தில் "தாய்வழிப் பாட்டி" என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

இப்போது இன்னொரு வழியும் உண்டு. 2022-லிருந்து, பெற்றோரை இழந்து சொந்தக்காரர் வீட்டில் வளர்கிற பிள்ளைக்குச் சாதாரணப் பிள்ளை கிராண்டுக்கு மேல் ஒரு கூடுதல் தொகை உண்டு. நீதிமன்றம் போக வேண்டாம். ஆயிரக்கணக்கான ஆயாக்களுக்கு அது நல்ல காலம். ஆனால் தாய் உயிரோடு எங்கோ இருக்கிற இந்த வீட்டுக்கு அந்த வழி சுலபமாகத் திறக்காது.

செப்டம்பர் 9

கறுப்பின மக்கள் வாழ்கிற எங்கள் பக்கத்துப் பகுதிகளைச் சொல்லி ஒருவர் எழுதியிருக்கிறார்: "நம் பணத்தில் பாட்டில்பிரஷ், வெல்பெடாக்ட் ஆட்களுக்கெல்லாம் ஏன் செய்கிறீர்கள்? நம்மவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?"

இதற்குப் பதில் எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். கோபத்தில் எழுதக் கூடாது என்று.

அய்யா, நானும் நீங்களும் படித்த பள்ளிக்கூடங்களை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்கார அரசாங்கம் இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தராத காலத்தில் நம் தாத்தாக்கள் பவுனுக்குப் பவுன் போட்டுக் கட்டினார்கள். பாதி நாம், பாதி அரசாங்கம். கரும்புத் தோட்டத்துக் கூலியிலிருந்து, காய்கறி வண்டியிலிருந்து வந்த பணம். 1921-இல் டர்பனில் ஆரியன் பெனவலன்ட் ஹோம் தொடங்கியதும், போக்கிடம் இல்லாத முதியவர்கள் தெருவில் கிடந்த காலத்தில்தான். நமக்கு யாரும் செய்யாததால் நாம் செய்தோம். அந்த வழியில் வந்தவர்கள், பக்கத்துக் குன்றில் தகரக் கொட்டகையில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து நம்மவன் இல்லை என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

2021 ஜூலையில் நடந்த கலவரமும் கடைக் கொள்ளையும் எனக்கும் மறக்கவில்லை. அந்த வாரம் ரொட்டி கிடைக்காமல் நாங்களும் இருந்தோம். எல்லார் மனத்திலும் பயம் இருந்தது, இன்னும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் வெள்ளம் வந்தது. 400 பேருக்கு மேல் செத்தார்கள். கோவில் சமையல்கூடத்தில் பருப்பும் சோறும் வடித்து மண்டபத்தில் கொடுத்தோம். தண்ணீர் வாளி தூக்க ஒரு கோகோ வந்தார் (ஜூலுவில் பாட்டி). நான் முதுகு பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து என் வாளியையும் வாங்கிக்கொண்டார். அவர் வீடே போயிருந்தது என்று மாலையில்தான் தெரிந்தது.

செப்டம்பர் 15

என் கதையையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் இதெல்லாம் ஏன் எனக்கு இவ்வளவு என்று புரியாது.

அப்பா அம்மா டர்பனில் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவர்கள். அங்கே இருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்களை அறுபதுகளில் இங்கே கொண்டுவந்து போட்டார்கள். எனக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்தார். அம்மா துணி ஃபாக்டரியில் காலர் தைத்தார், அப்புறம் கண் போனது. நலச் சங்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து எங்கள் அடுப்படி மேசையில் உட்கார்ந்து படிவம் நிரப்பியது ஞாபகம் இருக்கிறது. நீலப் பேனா. ஒரு கேள்வி கேட்பதற்கு முன்னால் "நீ சாப்பிட்டியா கண்ணு" என்று என்னைக் கேட்டார். அந்தப் படிவத்தால்தான் எங்களுக்கு ஸ்டேட் மெயின்டெனன்ஸ் கிராண்ட் வந்தது. அதில்தான் நான் மெட்ரிக் முடித்தேன்.

1998-இல் அந்தக் கிராண்டை எடுத்துவிட்டுப் பிள்ளை கிராண்ட் கொண்டுவந்தார்கள். பழையதில் தாய்க்கு 430 ராண்ட், பிள்ளைக்கு 135 வரை. புதியதில் பிள்ளைக்கு 100, அதுவும் ஏழு வயதுக்குள் இருந்தால். சாட்ஸ்வொர்த்தில் எத்தனை வீடுகளில் இடி விழுந்தது! நான் வருடக்கணக்காக அதைத் திட்டினேன். கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று திட்டியிருக்கிறேன்.

அப்புறம் கணக்கைப் படித்தேன். பழைய கிராண்ட் கறுப்பினத் தாய்களுக்குக் கிட்டத்தட்ட போகவே இல்லை. எங்களுக்கும் கலப்பினத்தாருக்கும்தான் பெரும்பாலும் போனது. அதே தொகையை எல்லாருக்கும் கொடுக்கப் பணம் போதாது என்று அரசாங்கம் அமைத்த லண்ட் கமிட்டி கண்டது. சின்னத் தொகை, ஆனால் நாடு முழுக்க. இப்போது வயது வரம்பு 18. என் அம்மாவுக்கு வந்த பணம் இன்னொரு அம்மாவுக்குக் கிடைக்காமல் இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டேன். இந்தத் தொகை போதாது என்று சொல்வதை நிறுத்த மாட்டேன்.

செப்டம்பர் 28

நேற்று எங்கள் பிரியாணி. புரட்டாசி மாதம் என்பதால் கறி இல்லை, முட்டை இல்லை, வெஜிடபிள் பிரியாணிதான்.

விடிகாலை மூன்று மணிக்கு விறகு மூட்டினோம். நாலு தேக்சா. கறுப்பு மசூர் முந்தின இரவே ஊறியிருந்தது. உருளைக்கிழங்கை மஞ்சள் போட்டுப் பொரித்து வைத்திருந்தார்கள் பேவியூ அக்காக்கள். அடுக்கு போடுகிற மாமா எழுபத்தெட்டு வயதுக்காரர். அவர் அளவு பார்க்கிறது மூடியின்மேல் காதை வைத்து. "இப்போ தண்ணி பேசுது, இன்னும் பத்து நிமிஷம்" என்பார். சரியாகப் பத்து நிமிடம். டப்பாவில் பிரியாணி, தனியாகப் பருப்பு, காரட் சம்பல், மோர். பதினோரு மணிக்கெல்லாம் மண்டபத்துக்கு வெளியே கார்கள் வரிசை.

அறுநூறு டிக்கெட், ஒன்று 70 ராண்ட். 42,000. அரிசி, நெய், காய், டப்பா, விறகு எல்லாம் போக 25,000 சொச்சம் நின்றது. உழைத்தவர்கள் நாற்பது பேர், யாருக்கும் சம்பளம் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு சோஷியல் ஒர்க்கர் ஒரு மாதம் ஓடும், இரண்டாவது மாதம் பாதியில் நிற்கும்.

ஃபீனிக்ஸ் தம்பி வந்திருந்தார்! நாலு மணி நேரம் டப்பா மூடினார். அம்மாவையும் கூட்டி வந்திருந்தார்.

செப்டம்பர் 29

மேலே 25,000 என்று எழுதினேன். எரிவாயு பில் ஒன்று விட்டுப்போயிற்று, பருப்பு வேறு அடுப்பில் வைத்தோம். 24,300. கணக்கு எழுதுகிறவள் இதைத் திருத்தாமல் விடக் கூடாது.

அக்டோபர் 8

"எந்தச் சங்கத்தை நம்புவது, எப்படித் தெரிந்துகொள்வது?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். என்பிஓ எண் (லாப நோக்கில்லாத அமைப்பின் பதிவு எண்) கேளுங்கள். வரிச் சலுகை உள்ள இடமென்றால் 930-இல் தொடங்கும் பிபிஓ எண் (பொது நல அமைப்பு என்று வரித்துறை கொடுப்பது) இருக்கும். பதிவான சங்கம் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் கணக்கு கொடுத்தாக வேண்டும், 1997-ஆம் வருடச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். கணக்குக் காகிதத்தை எடுத்து, சம்பளம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள், அந்தச் சம்பளத்துக்கு எத்தனை வீடு பார்த்தார்கள், எத்தனை கோப்பு காலாவதியானது என்று எழுந்து கேளுங்கள். எங்களை யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த ஆயாவின் கோப்பு முன்னாலேயே வெளியே வந்திருக்கும்.

மாதாமாதம் டெபிட் ஆர்டர் போட முடிந்தால் இன்னும் நல்லது. நூறு ராண்டோ ஐம்பதோ, தவறாமல் வருகிற பணத்தை நம்பித்தான் ஒரு ஆளை வேலைக்கு வைக்க முடியும். பிரியாணியை நம்பி யாருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க முடியாது.

அக்டோபர் 16

இன்று பிள்ளைகள் நீதிமன்றத்துக்கு ஆயாவையும் பேரப் பிள்ளைகளையும் கூட்டிப் போனேன். எங்கள் காரில் புது டயர். சின்னவன் வழியெல்லாம் ஜன்னலைத் திறந்து திறந்து மூடினான். புதுப் பெண்ணின் அறிக்கை பதினான்கு பக்கம். இரண்டு இரவு உட்கார்ந்து எழுதியது. உத்தரவு கிடைத்தது. காகிதத்தை ஆயா வாங்கி, நாலாக மடிக்காமல், நான் கொடுத்த பிளாஸ்டிக் உறையில் அப்படியே வைத்தார். அடுத்த காலக்கெடுத் தேதியைச் சிவப்புப் பேனாவில் என் டைரியிலும், சங்கத்துச் சுவர் காலண்டரிலும், ஆயா வீட்டுக் குளிர்பெட்டிமேலும் எழுதியிருக்கிறேன்.

நின்றுபோன மாதங்களின் பணம் திரும்ப வருமா என்று கேட்டு எழுதியிருக்கிறோம்.

திங்கட்கிழமை தீபாவளி. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஹாம்பர் (மளிகைக் கூடை) கட்டுகிறோம். தம்பி, உங்கள் அரிசி மூட்டையைக் கொண்டுவாருங்கள், கட்டாயம் வேண்டும். வியாழக்கிழமைகளில் கார் ஓட்ட ஒரு ஆளும் வேண்டும்.